ஊர்ப் பயணமும் ஹேண்ட்போன் பில்லும்

சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் இருவருக்கும் வேலை. இருபது வருடமாகச் சேர்த்து வைத்த ஆசை, நாமக்கல் பக்கம் இருக்கும் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது. சீட்டுப் பணம் எடுத்து 21 நாள் போய் வந்தார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள், பழனிக்குப் போனார்கள், பெரியப்பா மக்களையெல்லாம் பார்த்தார்கள். மனம் நிறைந்து திரும்பிய இரண்டாம் வாரம் ஹேண்ட்போன் பில் வந்தது. வழக்கமான மாதக் கட்டணம் போக 756 வெள்ளி.

"ஐயா, நாங்க அங்கேர்ந்து ஒரு போனுகூட பண்ணலீங்க. எல்லாம் தம்பி மகன் போன்லதான் பேசுனோம். பேசாத போனுக்கு எப்படிங்க எழுநூறு வெள்ளி வரும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

பில்லை வாங்கிப் பார்த்தோம். பொய்க் கணக்கு இல்லை. நாள் ஒன்றுக்கு 36 வெள்ளி வீதம் 21 நாளைக்கு 'ரோமிங் பாஸ்' என்று வரிசையாக அச்சடித்திருந்தது. அவர்கள் பேசவில்லை என்பதும் உண்மை, பில் சரி என்பதும் உண்மை. சட்டைப் பையில் கிடந்த ஹேண்ட்போன் தானாகவே இணையத்தைத் தொட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாரோ காலை வணக்கப் படம் அனுப்பியிருப்பார்கள், அதை இறக்கியிருக்கும். ஆப்கள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டிருக்கும். ஒரு துளி தொட்டாலும் அன்றைய நாள் பாஸ் ஓடத் தொடங்கிவிடும். அவர் மகள் பெயரில் எடுத்த போஸ்ட்பெய்ட் லைன் அது. அப்படி ஓடும்படிதான் அதன் ஏற்பாடு.

756 வெள்ளி என்றால் நமக்கு என்ன? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக அந்தப் பில் பதினொன்றரை நாள் உழைப்பு. பதினொன்றரை நாள் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கி, மூட்டை சுமந்த காசு, ஒருமுறைகூடப் பேசாத போனுக்குப் போயிருக்கிறது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அது இதைவிடக் கனமானது.

சிலாங்கூர்த் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞர் நமக்கு எழுதியிருந்தார். அவரும் தமிழகம் போனவர்தான். ரோமிங் பில்லைப் பற்றி நண்பர்கள் பயமுறுத்தியதால், விமானம் ஏறும்போதே ஹேண்ட்போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். திருவண்ணாமலையில் இருந்த நான்காம் நாள் இங்கே அவருடைய தாயார் மயங்கி விழுந்தார். அண்ணன்காரர் விடிய விடிய அழைத்திருக்கிறார். போன் எடுபடவில்லை. எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்பதும் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் அவராக ஒரு கடையிலிருந்து வீட்டுக்குப் பேசியபோது காரியம் முடிந்திருந்தது. "கொள்ளி வைக்கவும் நான் இல்லை" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்.

ஆகவே போனைத் திறந்தே வைத்தாலும் வினை, அடியோடு அணைத்தாலும் வினை. இடையில் ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கடையில் வெங்காயம் வாங்கும்போது விலை கேட்கிற அதே புத்தி போதும்.

முதலில், ரோமிங் ஏன் இவ்வளவு விலை என்று தெரிந்துகொள்வோம். நம் மலேசியக் கம்பெனிக்குத் திருச்சியில் கோபுரம் கிடையாது. நாம் அங்கே போய் இறங்கியதும் நம் ஹேண்ட்போன் அங்குள்ள ஓர் இந்தியக் கம்பெனியின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இந்தியக் கம்பெனி மொத்த விலைக்கு நம் கம்பெனியிடம் பணம் வாங்குகிறது. நம் கம்பெனி அதன்மேல் தன் லாபத்தை வைத்து நம்மிடம் வசூலிக்கிறது. இரண்டு கை மாறிய சரக்கு. அதோடு, ரோமிங்கில் நாம் பார்க்கிற படமும் பாட்டும் பெரும்பாலும் மலேசியாவைச் சுற்றிக்கொண்டுதான் நம் கைக்கு வருகின்றன. இளைஞர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் மாதத்திலிருந்து தடை. ஆனால் மலேசிய சிம்மில் ரோமிங் போட்டவர்களுக்கு அங்கேயும் அது திறக்கும், இந்திய சிம் போட்டவர்களுக்குத் திறக்காது. காரணம் இந்தச் சுற்று வழிதான்.

வெளியூரில் ரோமிங்கில் இருக்கும்போது நமக்கு வருகிற அழைப்பை எடுத்தாலும் நமக்கே காசு. இது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. இங்கே அழைப்பவர்தானே கட்டணம் கட்டுகிறார் என்று நினைத்து, "எடுத்துப் பேசுனா என்னா போச்சு" என்கிறோம். தோட்டத்திலிருந்து கூப்பிடுகிறவர் தம் பங்குக்கு உள்ளூர்க் கட்டணம் மட்டும்தான் கட்டுகிறார். மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு அந்தக் குரல் போகிற தூரத்துக்கு நாம் கட்டுகிறோம். குறுஞ்செய்தி வந்து சேர்வதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இனி, கையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

ஐந்து நாள், ஒரு வாரம் என்று குறுகிய பயணம் போகிறவர்கள் நம் கம்பெனியின் ரோமிங் பாஸை யோசிக்கலாம். நாள் பாஸ் மட்டுமே உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் பாஸ் விற்கிற கம்பெனிகள் உண்டு. சேர்த்து எடுத்தால் நாள் விலை இறங்கும். ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். மேலே சொன்ன தம்பதி முதலிலேயே கேட்டிருந்தால் நாள்தோறும் 36 வெள்ளி போயிருக்காது.

பாஸ் எடுக்கிறவர்கள் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "நாள் என்றால் எது?" சில பாஸ்கள் தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஓடும். சில பாஸ்கள் மலேசிய நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு முடிந்துவிடும். இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஆகவே இங்கே நள்ளிரவு என்றால் அங்கே இரவு 9.30. இரவு 9 மணிக்கு விமானத்தை விட்டு இறங்கி, "வந்து சேர்ந்துட்டோம்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, பெட்டி எடுக்க நிற்பதற்குள் 9.30 ஆகி இரண்டாவது நாள் பாஸும் ஓடியிருக்கும். அரை மணி நேரத்துக்கு இரண்டு நாள் காசு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சிறிய எழுத்தில் போட்டுத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்தைப் படிக்க நம் கிராணியாருக்கே கண்ணாடி வேண்டும்.

இரண்டு வாரம், மூன்று வாரம் என்று உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு, அங்கேயே ஓர் இந்திய பிரிபெய்ட் சிம் வாங்குவதுதான் மலிவு என்பது நம் கருத்து. நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். நாம் ஊர் சுற்றப் போகிற வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள் அல்ல. அத்தை வீட்டுத் திண்ணையில் உட்காரப் போகிறவர்கள். ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் என்று அங்கே நான்கு பெரிய கம்பெனிகள். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் விலையை ஏற்றின. ஏற்றிய பிறகும், நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஜிபி டேட்டாவும் உள்நாட்டுக்கு வரம்பில்லாத பேச்சும் தருகிற 28 நாள் திட்டம் 300 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நம் காசுக்கு ஏறக்குறைய 20 வெள்ளி. விமான நிலையக் கடையில் இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். கூடுதலே கொடுத்தாலும் 756 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

28 நாள் என்பதைக் கவனியுங்கள். அங்கே 'மாதத் திட்டம்' என்று பேச்சு வழக்கில் சொல்வது பெரும்பாலும் 28 நாள்தான். ஒரு வருடத்துக்கு 13 தடவை காசு வாங்குகிற சாமர்த்தியம் அது. இதன்மேல் புகார் எழுந்துதான் 2022இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு மாதம் தங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே ஒரு மாநிலத்தில் வாங்கிய சிம் மற்ற மாநிலத்திலும் ஓடும். திருச்சியில் வாங்கிக்கொண்டு சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் கேரளத்தில் இன்னொன்று வாங்க வேண்டியதில்லை.

வாங்குவதில் கொஞ்சம் சிரமம் உண்டு, மறைக்கவில்லை. வெளிநாட்டவருக்கு எல்லாப் பெட்டிக்கடையிலும் சிம் கொடுக்க மாட்டார்கள். கம்பெனியின் சொந்தக் கடைக்குப் போவது நல்லது. பாஸ்போர்ட், விசா அச்சுப் பிரதி, புகைப்படம் மூன்றும் கையில் இருக்கட்டும். இ-விசா எடுக்கிறவர்கள் ஹேண்ட்போனில் வைத்திருந்தால் போதும் என்று நினைக்காமல் இரண்டு மூன்று பிரதி காகிதத்தில் எடுத்துச் செல்லுங்கள். உள்ளூர் ஆள் ஒருவரின் எண்ணையும் கேட்பது வழக்கம், அந்த எண்ணுக்கு ரகசிய எண் ஒன்று வரும். ஆகவே அத்தை மகனையோ மாமன் மகனையோ கூட அழைத்துப் போனால் காரியம் சுருக்கமாக முடியும். சிம் உடனே உயிர் பெறாது. சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். வாங்கிய கடைக்காரர் "அஞ்சு நிமிஷத்துல வந்துரும் சார்" என்றால், சிரித்துக்கொண்டே ரசீதை வாங்கிப் பையில் வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பேப்பர் எல்லாம் எதுக்குங்க, ஏற்கெனவே ஆக்டிவ் ஆன சிம் இருக்கு, நூறு ரூபா கூடக் குடுங்க" என்று சொல்கிற ஆட்கள் பேருந்து நிலையங்களில் உண்டு. வாங்காதீர்கள். அது யார் பெயரில் இருக்கிறதோ, அந்த எண்ணில் முன்னே என்ன குற்றம் நடந்ததோ நமக்குத் தெரியாது. ஆள்மாறாட்டம் செய்து சிம் பெறுவதற்கு இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அபராதம் 50 லட்சம் ரூபாய் வரை போகும். கோயிலுக்குப் போன இடத்தில் போலீஸ் நிலைய வாசலில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது வழி, இ-சிம். அட்டை கிடையாது. ஹேண்ட்போனுக்குள்ளேயே எண் ஏறிவிடும். புதிய, விலை கூடிய போன்களில்தான் பெரும்பாலும் இது வேலை செய்யும். பட்டணத்தில் வேலை செய்கிற நம் பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட போன் இருக்கலாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று விற்கப்படும் இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தரும், பேசுவதற்கு எண் கிடைக்காது. வாட்ஸ்அப் போதும் என்பவர்களுக்குச் சரி. ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்தியாவில் இவற்றை விற்ற இரண்டு பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆப்களை 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசு கடைகளிலிருந்து நீக்கச் சொன்னது. அங்கே போய் இறங்கி இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கிடைக்காமல் போகலாம். எடுக்கிறவர்கள் இங்கேயே, வீட்டு வைஃபையில், ஏற்றி முடித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

விமான நிலைய வைஃபையை நம்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே வைஃபை திறக்கவே ஹேண்ட்போனுக்கு ரகசிய எண் அனுப்புகிறார்கள். போன் வேலை செய்தால்தான் வைஃபை, வைஃபை வந்தால்தான் போன் என்று கோழியா முட்டையா கதையாக முடியும்.

சரி, இந்திய சிம் போட்டாயிற்று. பழைய மலேசிய சிம்மை என்ன செய்வது? கழற்றிக் குங்குமப் பொட்டலத்தோடு மடித்து வைக்காதீர்கள். இப்போதைய போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போடலாம். இரண்டையும் போடுங்கள். டேட்டாவுக்கு இந்திய சிம் என்று குறித்துவிட்டு, மலேசிய சிம்மில் 'டேட்டா ரோமிங்' என்பதை மட்டும் மூடிவிடுங்கள். அது மூடியிருக்கிறதா என்று இங்கே கேஎல்ஐஏவில் வரிசையில் நிற்கும்போதே ஒருமுறை பாருங்கள். மகனோ மகளோ வழியனுப்ப வந்திருப்பார்கள், அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பேராக் தம்பதிக்கு விடுபட்டது இந்த ஒரு நிமிட வேலைதான்.

மலேசிய சிம் உயிரோடு இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. மகன் கட்ட வேண்டிய மோட்டார் தவணை, வீட்டு வாடகை எல்லாம் இப்போது ஹேண்ட்போன் வழியாகப் போகின்றன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் ரகசிய எண் அனுப்பும் முறையை விட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. பல வங்கிகள் தங்கள் ஆப் வழியாகவே ஒப்புதல் கேட்கின்றன. அந்த ஆப் இருக்கிற போனைக் கையோடு கொண்டுபோக வேண்டும். புதுப் போன் வாங்கியவர்கள் ஊருக்குப் போய் இறங்கி ஆப்பை ஏற்ற முயன்றால் மாட்டிக்கொள்வார்கள், இங்கேயே ஏற்றிச் சரிபார்த்துவிட வேண்டும். குறுஞ்செய்தி வாங்குவதற்காக மலேசிய எண் விழித்திருக்கட்டும்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு பயம் நம்மிடம் இருக்கிறது. சிம் மாற்றினால் வாட்ஸ்அப் போய்விடும் என்று. போகாது. பழைய மலேசிய எண்ணிலேயே அது தொடர்ந்து ஓடும். புது எண்ணுக்கு மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிடுங்கள். தோட்டத்தில் உள்ளவர்கள் எப்போதும் போல அதே பெயரைத் தட்டி அழைப்பார்கள், நீங்கள் ஈரோட்டில் எடுப்பீர்கள். சாதாரண அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திருப்பி அழையுங்கள். "அவசரம் என்றால் மட்டும் இரண்டு முறை தொடர்ந்து அடி, நான் எடுப்பேன்" என்று வீட்டில் ஓர் ஏற்பாடு சொல்லி வைத்துவிட்டுப் போவது நல்லது. அந்தச் சிலாங்கூர் இளைஞர் வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், மிஞ்சிப் போனால் பத்துப் பதினைந்து வெள்ளிச் செலவில் தாயாரின் முகத்தைக் கடைசியாகப் பார்த்திருக்கலாம்.

பிரிபெய்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு. போட்ட காசு தீர்ந்தால் நின்றுவிடும், கடன் ஏறாது. ஆனால் வேறொரு தொல்லை இருக்கிறது. டாப்-அப் செல்லுபடியாகும் நாள் முடிந்தால் எண்ணே அடங்கிப்போகும். போகுமுன் திரும்பி வரும் தேதியைத் தாண்டும்படி டாப்-அப் போட்டுவிட்டுப் போங்கள். சில கம்பெனிகளில் பிரிபெய்ட் எண்ணுக்கு ரோமிங்கை முன்கூட்டியே திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதையும் விசாரியுங்கள்.

வயதானவர்கள் சங்கதி தனி. பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு டேட்டாவும் தெரியாது, பாஸும் தெரியாது. நம் நாட்டில் 3ஜி சேவையை 2021 முடிவோடு மூடிவிட்டார்கள். இந்தியாவில் ஜியோ 2016இல் தொடங்கும்போதே 4ஜி மட்டும்தான், பழைய போனில் அது வேலை செய்யாது. அவர்களுக்கு நாம் சொல்வது காகிதம்தான். ஒரு அட்டையில் மகன் எண், தங்கும் வீட்டு எண், உடன் வருகிறவர் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, மலேசிய எண்களுக்கு முன்னால் +60 சேர்த்து, இடுப்புப் பையில் வைத்துவிடுங்கள். 012 என்று இங்கே அடிப்பது அங்கேயிருந்து +6012 ஆகும். அந்தப் பூஜ்யம் தெரியாமல் தவித்தவர்கள் நிறைய. இந்தியாவில் எந்த அவசரத்துக்கும் 112. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அதன் எண்ணையும் அட்டையின் பின்புறம் எழுதி வைக்கலாம்.

நம் பாட்டன்மார் ரஜூலா கப்பலில் போய் வந்த காலத்தில், போனவர் சேர்ந்தாரா என்று தெரியவே வாரங்கள் ஆகும். நீல நிற ஏர் மெயில் வந்தால்தான் லயத்தில் அடுப்புப் புகையும். அந்தக் கஷ்டத்தை நினைத்தால் இன்றைய வசதி பெரிதுதான். ஆனால் வசதிக்கு விலை வைக்கிறவன் யார், அந்த விலையைச் சரிபார்ப்பவன் யார் என்ற கேள்வியை நாம் கேட்காமல் இருக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். 2017 ஜூன் 15 முதல் அந்த நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணம் கிடையாது. போர்த்துகல்காரர் ஜெர்மனியில் வேலை தேடிப் போனாலும், பயணத்தில் தம் நாட்டுத் திட்டப்படியே பேசலாம். 2022இல் அந்த விதியை இன்னும் பத்து ஆண்டுக்கு நீட்டித்தார்கள். கம்பெனிகள் தாமாக மனம் இரங்கிக் குறைக்கவில்லை. சட்டம் போட்டுத்தான் குறைந்தது. ஆசியானில் அப்படிப்பட்ட ஒரே கட்டண ஏற்பாடு இல்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் பேசி 2011 மேயிலும் 2012 மேயிலும் இரண்டு கட்டமாக ரோமிங் அழைப்புக்கு 30 விழுக்காடு வரையிலும் குறுஞ்செய்திக்கு 50 விழுக்காடு வரையிலும் குறைத்தன. நல்ல தொடக்கம்தான். 2025இல் ஆசியான் தலைமை மலேசியாவிடம் இருந்தது. திமோர் லெஸ்தேயைச் சேர்த்துப் பதினொரு நாடுகள் ஆனது. கோலாலம்பூரில் தலைவர்கள் கைகோத்து நின்ற படத்தை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. கூலாயில் இருந்து தினமும் பாலம் தாண்டிப் போகிற தொழிலாளியின் ஹேண்ட்போனையும் அந்த மேசையில் பேச வேண்டும் என்பது நம் எண்ணம்.

ஏனென்றால், 'வெளிநாடு' என்பது நம்மவர்களில் பலருக்குத் தமிழகம் மட்டும் அல்ல. ஜொகூரில் ரெங்கம், லாயாங்-லாயாங், கோத்தா திங்கி தோட்டங்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் விடியற்காலை மோட்டாரில் கிளம்பிச் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் ஹேண்ட்போனுக்கு வேறு நாடு.

அவர்களுக்கு நாள் பாஸ் கட்டுப்படியாகாது. மாதம் 26 நாள் போகிறவர் நாள் பாஸ் எடுத்தால் சம்பளத்தில் ஓட்டை விழும். அவர்கள் பார்க்க வேண்டியது மாதத் திட்டத்துக்குள்ளேயே சிங்கப்பூர் ரோமிங் டேட்டா சேர்ந்து வருகிறதா என்பதை. இப்போது பல மலேசியத் திட்டங்களில் அது வருகிறது. அதேபோல் மலேசிய ரோமிங் சேர்ந்த சிங்கப்பூர்த் திட்டங்களும் உண்டு. எந்தப் பக்கம் அதிக நேரம் இருக்கிறோம், எந்த எண்ணுக்கு முதலாளி அழைக்கிறார் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எத்தனை ஜிபி, முடிந்த பிறகு வேகம் குறையுமா அல்லது காசு ஏறுமா என்று இரண்டும் கேட்க வேண்டும். 'வேகம் குறையும்' என்றால் பரவாயில்லை. 'காசு ஏறும்' என்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.

ஜொகூர் பாரு கரையோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே ஹேண்ட்போன் சிங்கப்பூர்க் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். நாடு தாண்டாமலே ரோமிங் ஆகிவிடும். செட்டிங்கில் போய், லைனைத் தானாகத் தேடும்படி விடாமல் நம் கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்தால் இது நிற்கும். நம் தோட்டத்தில் கோயில் மேட்டில் ஏறி நின்றால்தான் ஒரு கோடு லைன் வருகிறது, அங்கே என்னவென்றால் அடுத்த நாட்டு லைன் வீட்டுக்குள்ளே வருகிறது.

பில் அதிகமாக வந்துவிட்டால் பயந்து போய் லைனை வெட்டிவிடுவதும், கட்டாமல் விட்டுவிடுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். அப்படிச் செய்தால் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போய், பிறகு பிள்ளை மோட்டார் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். ரோமிங் தொடங்கியபோது எச்சரிக்கைச் செய்தி வந்ததா, நாள் பாஸ் தானாக ஓடும் என்று யார் எப்போது சொன்னார்கள் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் புகாரைக் கொண்டு போகலாம். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். மலாயில் எழுதத் தெரியாதவர்கள் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடம் எழுதி வாங்குங்கள். சம்பளத் தகராறுக்கு மட்டும்தான் சங்கம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பேராக் தம்பதிக்கும் இதையே சொன்னோம். அவர்கள் மகள் புகார் கொடுத்தாள். மூன்று வாரம் அலைந்த பிறகு கம்பெனி பாதியைக் கழித்துக்கொண்டது. மீதி 378 வெள்ளியை மாதம் 126 வீதம் மூன்று தவணையாகக் கட்டுகிறார்கள். முதல் தவணை கட்டிய ரசீதை அந்த அம்மா நமக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.